சக்கர நாற்காலி ரக்பி: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்துத் தண்டுவடக் காயத்தால் கை, கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்கள், கைவலிமை குன்றாதவர்களுக்கு எதிராகச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஈடுகொடுக்க இயலாத நிலையில்தான், 1977இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இந்த விளையாட்டு உருவானது. அதை மறந்து, கூடைப்பந்து அணிக்குரிய பயிற்சியையே இவர்களுக்கும் அளிப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

இவர்களில் பலருக்குக் காயத்துக்குக் கீழே உடல் வியர்ப்பதில்லை. ஆகவே வெப்பமான அரங்கில் தண்ணீர் குடிக்கச் செய்தால் மட்டும் போதாது. இடைவேளைதோறும் முகம், கழுத்து, கைகளில் நீர் தெளித்துக் காற்றுபடச் செய்ய வேண்டும்.

மிக ஆபத்தான தவறு, திடீரென வரும் கடும் தலைவலியைக் களைப்பு என்று எண்ணி வீரரைப் படுக்க வைப்பது. சிறுநீர்ப்பை நிரம்புவது, உடலை நாற்காலியோடு கட்டும் பட்டை இறுகுவது போன்ற சிறு காரணங்களே, மார்புத் தண்டுவடத்தின் 6ஆம் நிலையிலோ அதற்கு மேலோ காயமுற்றவரின் இரத்த அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்திவிடும். அப்போது அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடனே குறையாவிட்டால் அவசர மருத்துவ உதவி தேவை. ஆட்டத்திறனைக் கூட்டுவதற்காக இந்நிலையை வேண்டுமென்றே வரவழைப்பதைச் சர்வதேச பாராலிம்பிக் குழு தடைசெய்துள்ளது.

வீரர்களுக்கு அவர்களது இயக்கத்திறனைப் பொறுத்து 0.5 (மிகக் குறைந்த திறன்) முதல் 3.5 (மிகுந்த திறன்) வரை வகைப்பாட்டுப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன; களத்திலுள்ள நால்வரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக் கூடாது, பெண் வீரர் ஒருவர் ஆடினால் அந்த வரம்பு 0.5 உயரும். குறைந்த புள்ளி பெற்றவரை எண்ணிக்கைக்காக நிறுத்துவது, என் பார்வையில், அணிக்கும் அவருக்கும் இழைக்கும் அநீதி. முன்புறம் நீண்ட தற்காப்பு நாற்காலியால் எதிரணியின் வேகமான வீரரைச் சிக்கவைத்து நிறுத்துபவர் பல நேரங்களில் அவர்தான்.

நாற்காலிகள் மோதலாம் என்பதால் எல்லா மோதலும் செல்லும் என்று கருதக் கூடாது. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் இடித்து எதிராளியின் நாற்காலியைச் சுழலவைப்பது தவறாட்டம். உடலைத் தாக்குவதும் அப்படியே. அன்றாட நாற்காலியை இம்மோதல்களுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

உணர்விழந்த தோலில் ஏற்படும் உரசல் வலிக்காது என்பதால், பயிற்சி முடிந்ததும் இடுப்பு, பிட்டம், முழங்கைப் பகுதிகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். சிவந்த இடம் இருந்தால் அது ஆறும்வரை அங்கே அழுத்தம் படக் கூடாது.