மணற்குன்று மேய்ச்சல் நிலத்தின் மண்ணைப் பரிசோதிப்பது எப்படி? நெப்ராஸ்கா சாண்ட்ஹில்ஸில் ஒரு தொடக்கப் பாடம்

மணல் என்றாலே தண்ணீர் தங்காது, ஒன்றும் முளைக்காது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது சாண்ட்ஹில்ஸ். மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணற்குன்றுத் தொகுதி இதுதான். சில குன்றுகள் 120 மீட்டர் உயரம்கூட இருக்கும். ஆனால் அங்கே போய் நின்றால் எட்டியவரை தெரிவது புல்லும் மாடும்தான். மணலைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து புல்லை விலக்க வேண்டும்.

இந்த மண் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் அரை நாளில், சாதாரணப் பொருட்களை வைத்தே பார்த்துவிடலாம். மண்வெட்டி, அளவு டேப், மூடி போட்ட கண்ணாடி ஜாடி, இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த ஒரு டப்பா, சில லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வினிகர், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

முதலில் ஒரு விஷயம். சாண்ட்ஹில்ஸில் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணை. பண்ணைக்காரரிடம் கேட்காமல் வேலியைத் தாண்டாதீர்கள். வனவிலங்குக் காப்பகங்களில் தோண்டவே கூடாது. அங்கே பார்த்துக் குறித்துக்கொள்வதோடு சரி.

படி 1: வரைபடம்

அமெரிக்க வேளாண் துறையின் ‘வெப் சாயில் சர்வே’ இணையத்தில் இலவசம். நீங்கள் போகும் இடத்தைத் தேடினால் அங்குள்ள மண் வகைகளின் பெயர்கள் வரும். குன்றுகள் மேல் திரும்பத் திரும்ப ‘வேலன்டைன்’ என்ற பெயரைப் பார்ப்பீர்கள். தாழ்வான இடங்களில் டண்டே, ஐப்பேஜ், எல்ஸ், ட்ரையன் என்று மாறும். பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள், விளக்கத்தை இப்போது படிக்க வேண்டாம். சொந்தமாகப் பார்த்த பிறகு ஒப்பிட்டால்தான் மனதில் நிற்கும்.

படி 2: எங்கே நிற்கிறோம்?

புதிதாக வருபவர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இது. எல்லாப் படிகளிலும் முக்கியமானதும் இதுதான். மேட்டிலும் பள்ளத்திலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மணல். வித்தியாசத்தை உண்டாக்குவது நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது.

குன்றின் உச்சியிலும் சரிவிலும் வேலன்டைன் மண். நிலத்தடி நீர் வேருக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். புல் மழையை மட்டுமே நம்பியிருக்கும். செங்குத்தான சரிவுகளில் படிக்கட்டு வெட்டியதுபோல் சின்னச் சின்ன மண் திட்டுகள் தெரியும். அது சரிவு நிலையாக இல்லை என்பதற்கு அடையாளம்.

இறங்கி வாருங்கள். குன்றுகளுக்கு நடுவிலுள்ள உலர்ந்த பள்ளங்களில் மேல்மண் கொஞ்சம் கருத்து, தடித்து இருக்கும். டண்டே போன்ற மண் இங்கேதான். இன்னும் கீழே போனால் நிலத்தடி நீர் மேற்பரப்பை நெருங்கிவிடும். வேர்கள் நேராக அதிலிருந்தே நீரை உறிஞ்சும். பண்ணைக்காரர்கள் குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுப்பது இந்தப் புல்வெளிகளில்தான். அதற்கும் கீழே சதுப்பும் ஏரியும்.

படி 3: கையால் பார்ப்பது

ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி உருண்டை பிடியுங்கள். வேலன்டைன் மண் உருண்டையாக நிற்கும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தள்ளி நாடாவாக நீட்டப் பாருங்கள், வராது. களிமண் இல்லை என்று அர்த்தம். உலர்ந்த மண்ணை உள்ளங்கையில் தேய்த்தால் ரவையைவிட நைசாக இருக்கும். இந்த மணலில் பெரும்பகுதி 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் அளவு. காற்று எளிதாகத் தூக்கிப் போகிற அளவும் இதுதான்.

ஜாடியில் கால் பங்கு மண், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஏறக்குறைய எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். பள்ளத்து மண்ணில் இதையே செய்தால் தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கியே நிற்கலாம்.

வினிகர் விட்டால் குன்று மண் நுரைக்காது; அதில் சுண்ணாம்பு இல்லை. மேற்குப் பக்கத்திலுள்ள காரத்தன்மை கொண்ட ஏரிகளின் கரை மண் வேறு கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த ஏரிகளின் உவர்நீரிலிருந்து பொட்டாஷ் எடுத்தார்கள். ஆண்டியோக் என்ற ஊரில் அந்த ஆலைகளின் இடிபாடு இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது.

படி 4: குழி

60 சென்டிமீட்டர் ஆழம் போதும். உலர்ந்த மணல் வெட்ட வெட்டச் சரியும். அதனால் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் விட்டு வெட்டுங்கள். மேலே இருக்கும் புல் கட்டியை உடைக்காமல் பாளமாக எடுத்துத் தனியாக வையுங்கள், கடைசியில் வேண்டும்.

குழியின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் சீவிவிட்டு டேப்பை நிறுத்துங்கள். மேலே ஒரு சாண்கூட வராத சாம்பல் கலந்த பழுப்பு அடுக்கு. அதன் கீழே மெல்ல வெளிறும் ஓர் இடைப்பகுதி. அப்புறம் அடிவரை ஒரே வெளிர் மணல். தோட்டத்து மண்ணிலோ வயல் மண்ணிலோ கீழே களிமண் சேர்ந்த அடுக்கு ஒன்று பெரும்பாலும் இருக்கும், இங்கே அது இல்லை. மண் இளமையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த நீண்ட வறட்சிக் காலத்தில் இந்தக் குன்றுகள் புல்லை இழந்து மீண்டும் நகர்ந்திருக்கின்றன. அடுக்குகள் உருவாக அதற்குப் பிறகு கிடைத்த காலம் போதவில்லை.

சீவிய பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர் ஒன்றை மெதுவாக உருவிப் பாருங்கள். பல புற்களின் வேரைச் சுற்றி மணல் துகள்கள் உறைபோல் ஒட்டியிருக்கும். உதறினாலும் எளிதில் போகாது. வேர் சுரக்கும் பசையும் நுண்ணிய வேர்த் தூவிகளும் சேர்ந்து பிடித்திருக்கும் மணல் அது. வேர் காய்ந்துபோகாமல் இருக்க இது உதவுகிறது.

படி 5: தண்ணீர் எங்கே போகிறது?

டப்பாவை மண்ணில் 5 சென்டிமீட்டர் அழுத்தி, உள்ளே 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். வேலன்டைன் மண் மணிக்கு 150 முதல் 500 மில்லிமீட்டர் வரை நீரை உள்ளே விடும். அப்படியென்றால் உங்கள் தண்ணீர் மூன்றிலிருந்து பத்து நிமிடத்தில் மறைய வேண்டும். ரொம்ப நேரம் தேங்கி நின்றால் மாடு மிதித்து இறுகிய இடமா என்று பாருங்கள், வேறு இடத்தில் மறுபடி செய்யுங்கள்.

இந்த மணல் பிடித்துவைக்கும் நீர் குறைவு. வண்டல் கலந்த மண்ணில் பாதி இருந்தால் அதிகம். அதனாலேயே 25 மில்லிமீட்டர் மழை இங்கே சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கிவிடுகிறது. ஆண்டு மழை மேற்கில் 430, கிழக்கில் 580 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் ஊரில் இது லாபம். சரிவில் வழிந்து ஓடுவதில்லை. மேல் மணல் சீக்கிரம் காய்ந்தாலும் கீழே இருக்கும் ஈரத்தை வெயில் தொடுவதில்லை. ஆழமாக வேர்விடும் சாண்ட் புளூஸ்டெம், பிரெய்ரி சாண்ட்ரீட் போன்ற உயரமான புற்கள் இந்த வறண்ட நாட்டில் செழிப்பதற்குக் காரணம் இதுதான். வேரையும் தாண்டி இறங்கும் நீர் ஓகல்லாலா நிலத்தடி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அந்தத் தேக்கம் மிகத் தடிமனாக இருப்பது இந்தக் குன்றுகளுக்கு அடியில்தான்.

படி 6: காயங்களைத் தேடுவது

குன்றின் உச்சியிலும் வடமேற்குக் காற்று மோதும் பக்கத்திலும் வெறும் மணல் குழிகள் இருக்கிறதா பாருங்கள். ‘புளோஅவுட்’ என்பார்கள். மாட்டுத் தடம், வேலி ஓரம், தண்ணீர்த் தொட்டி, தீ என்று ஏதாவது ஒன்று புல்லை அகற்றியிருக்கும். மிச்ச வேலையைக் காற்று செய்யும். 1904-ல் வந்த கின்கெய்ட் சட்டம் குடியேறிகளுக்கு ஆளுக்கு 640 ஏக்கர் கொடுத்தது. பலர் ஏர் பூட்டிப் பார்த்தார்கள். உழுத மணல் பறந்தது, நிலம் மறுபடி மாட்டுக்கே போனது. இவ்வளவு அழகாக நீரைக் குடிக்கும் மண்ணுக்குத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சக்தி கிடையாது. பிடித்திருப்பது புல்தான்.

ஆனால் எல்லாக் குழியும் கெடுதல் என்று எழுதிவிடாதீர்கள். புளோஅவுட் பென்ஸ்டெமன் என்ற ஊதா நிறப் பூச்செடி நகரும் மணலில்தான் வளரும். குழிகள் குறையக் குறைய அதுவும் குறைந்து, 1987-ல் அழியும் நிலையிலுள்ள செடிகளின் பட்டியலில் சேர்ந்தது.

படி 7: மூடுவது

வெளிர் மணலை முதலில் போட்டு, காலால் மிதித்து இறுக்குங்கள். அதன் மேல் கருத்த மண். எடுத்து வைத்த புல் பாளத்தைப் பழைய இடத்திலேயே பொருத்தி, மிச்சத் தண்ணீரை ஊற்றி, சுற்றிலும் கிடக்கும் காய்ந்த புல்லை அள்ளி மேலே பரப்புங்கள். குழி உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் காய்ந்த புல்லைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள். வீட்டுக்குப் போனதும் படி 1-ல் எழுதிய பெயர்களின் விளக்கத்தைத் திறந்து, உங்கள் நோட்டோடு வரி வரியாக ஒப்பிடலாம்.