அட்மின் இறந்த பிறகு குழுவில் நடக்கும் தவறுகள்

பல வருடங்களாகக் குழுவைத் தூக்கிச் சுமந்த அட்மின் திடீரென்று இறந்துவிட்டால், அவருக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். அந்தத் தவிப்பில் அவசரப்பட்டுச் செய்யும் சில காரியங்களைப் பிறகு மாற்றவே முடியாது.

முதலில் அவருடைய ஃபோன் எண். இனி யார் பேசப் போகிறார்கள் என்று வீட்டில் சிம்மை நிறுத்திவிடுவார்கள். குழுவின் மின்னஞ்சல், டொமைன் (இணையதள முகவரி), சர்வர் எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நிறுத்திய எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போய்விடும். "சில மாதங்கள் மட்டும் இந்த எண்ணை வைத்திருங்கள், ரீசார்ஜ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வீட்டில் ஒருவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் பேச்சை அன்றைக்கே எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் நடக்கும். வீட்டில் யாராவது அந்த ஃபோனைத் திறந்து, அவர் இருந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறுவார்கள். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாகவே வேறொரு உறுப்பினரை அட்மின் ஆக்கிவிடும். அது யார் என்பது நம் கையில் இல்லை. வெளியேறும் முன்பு நம்பகமான இரண்டு பேரை அட்மின் ஆக்கிவிடச் சொன்னால் வேலை முடிந்தது. ஃபோனைத் தொடாமலே விட்டாலும் ஆபத்துதான்: பொதுவாக 120 நாட்கள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும்.

ஃபேஸ்புக்கில் செய்யும் தவறு இதைவிடப் பெரியது, அதுவும் அன்பினால் செய்வது. யாரோ ஒருவர் அவருடைய கணக்கை, இறந்தவர் நினைவாக வைக்கும் நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கிறார். குழுவின் பக்கத்துக்கு அவர் ஒருவர் மட்டுமே அட்மினாக இருந்தால், அந்தப் பக்கத்தையே ஃபேஸ்புக் நீக்கிவிடும். பக்கம் வேறு, குரூப் வேறு என்பதைக் கவனியுங்கள். குரூப்பாக இருந்தால் புதிய அட்மினைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அவர் தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்திருந்தாலும், அந்த நபரால் உள்ளே நுழையவோ செய்திகளைப் படிக்கவோ முடியாது. அதனால் பக்கத்துக்கு வேறு யார் அட்மின் என்று பார்த்துவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.

சொந்த டொமைன் இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். டாட் காம் போன்றவற்றில், காலக்கெடு தாண்டி பதிவு நீக்கப்பட்ட பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கக் கூடுதல் பணம் கேட்பார்கள். அதற்கும் பிறகு 5 நாட்கள்தான், அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இறப்புச் சான்றிதழோடு வாரிசுகள் பதிவு நிறுவனத்தை அணுகுவதுதான் சரியான வழி.

பாஸ்வேர்டு தெரியும் என்பதற்காக அவர் பெயரில் உள்ளே போகாதீர்கள். நான் இருந்த ஒரு குழுவில், இறந்து எட்டாம் நாள், அட்மின் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ செட்டிங்ஸை மாற்ற அவர் கணக்கில் நுழைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்களுக்கு அந்த ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டார் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது.

குழுவுக்காகத் திரட்டிய பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் இருந்தால், பின் நம்பர் தெரிந்தாலும் எடுக்கக் கூடாது. கணக்கு விவரத்தை எழுதி வாரிசுகளிடம் பேசுங்கள்.

மரணச் செய்தியைக் குடும்பம் சொல்லச் சொன்ன பிறகு, அவர்கள் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டும் அறிவியுங்கள். எப்படி இறந்தார் என்ற ஊகங்களை உடனே நீக்குங்கள். அவருடைய பழைய பதிவுகளில் மட்டும் கை வைக்க வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இறந்தவரின் நிர்வாகி அனுமதியை எடுத்துவிடுவார்கள், ஆனால் அவர் செய்த திருத்தங்கள் அப்படியே இருக்கும். நமக்கும் அதுவே நல்ல வழி.

ஒன்றே ஒன்றை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். குழுவின் உச்சியில் அவர் பின் செய்து வைத்த அறிவிப்பில் "எந்தச் சந்தேகம் என்றாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அவர் எண் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த அழைப்பை எடுத்து, அவர் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியவர் அவருடைய மனைவியாகவோ மகளாகவோ இருப்பார்.