மரங்களுக்கிடையே சறுக்க அகலமான ராக்கர் ஸ்கீ: தேர்ந்தெடுப்பது எப்படி?

சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள நிசேகோ என்ற பனிச்சறுக்குத் தலத்தில் உலர்ந்த, இலேசான பவுடர் பனியாகக் கொட்டுகிறது. திறந்த சரிவுகளில் காலையிலேயே அது உழப்பட்டுவிடும். பிர்ச் மரங்களுக்குள் மட்டும் நெடுநேரம் கலையாமல் கிடக்கும். அங்கே சறுக்க ஆசைப்பட்டு முதல் பவுடர் ஸ்கீயை (ஆழ்பனிக்கான சறுக்குப் பலகையை) வாங்குபவர்கள் பெரும்பாலும் அகலத்தை மட்டுமே பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்கீயின் வாலை, அதாவது பின்முனையை. மரத்துக்கு முன்னால் திரும்புவதும் நிற்பதும் பெரிதும் அதைப் பொறுத்தவை.

சீர்செய்த சரிவில் இரு ஸ்கீக்களையும் இணையாக வைத்துத் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது. அது இன்னும் கைவரவில்லை என்றால் காட்டுக்குள் போக வேண்டாம்.

முதல் படி: அகலம்

காலணிக்கு அடியில் வரும் நடுப்பகுதியின் அகலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சீர்செய்த சரிவுக்கான ஸ்கீயில் இது சுமார் 70 முதல் 85 மில்லிமீட்டர். காட்டுப் பவுடருக்கு 106 முதல் 116 போதும். உடல் எடை குறைந்தவர்கள் 106 பக்கம் நிற்கலாம். 120-ஐத் தாண்டினால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பது தாமதமாகும். லிஃப்டுக்குத் திரும்பும் கெட்டியான பாதையில் முழங்காலும் நோகும்.

இரண்டாம் படி: ராக்கர்

இங்கே நேரம் செலவிடுங்கள். கடையில் இரு ஸ்கீக்களின் அடிப்பாகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, அழுத்தாமல் பிடித்து, பக்கவாட்டில் பாருங்கள். பழைய வகையில் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும், நடுவில் இடைவெளி தெரியும். அந்த வளைவுதான் கேம்பர். ராக்கர் உள்ளதில் கட்டுமரத்தின் முனைபோல நுனி மேலெழும்பி, ஒட்டும் இடம் நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். அதனால்தான் நுனி பனிக்குள் புதையாமல் மேலே மிதக்கிறது.

2002 வாக்கில் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கியின் யோசனையில் உருவான வோலான்ட் ஸ்பாட்டுலா, முழுக்கவே தலைகீழாக வளைந்த ஸ்கீ. ஆழ்பனியில் அது புதுப் பாதை போட்டது. கெட்டிப் பனியில் பிடிப்பு குறைவு. பிறகு வந்த பல ஸ்கீக்களில் முன்னும் பின்னும் ராக்கர், காலடியில் சிறிது கேம்பர் என்ற அமைப்பு வந்தது. புதியவர்களுக்கு என் பரிந்துரையும் அதுவே.

இனி வால். நெருங்கிய மரங்களுக்கிடையே பெரிய வட்டமாகத் திரும்ப இடம் கிடையாது. ஸ்கீயை நின்ற இடத்தில் சுழற்றி, பக்கவாட்டில் வழுக்கித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். வால் தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் பனியில் சிக்கி, உங்களை நேராகவே இழுத்துப் போகும். சற்று மேலெழும்பி, கடைசியில் ஒடுங்கும் வால் எளிதாக விடுபடும். ஆனால் அளவுக்கு மீறித் தொளதொளவென்று இருந்தால், பின்னால் சாயும்போது தாங்காது. பயத்தில் எல்லாப் புதியவர்களும் பின்னால்தான் சாய்கிறார்கள். எனவே மிதமான எழுச்சி, நடுத்தர விறைப்பு.

மூன்றாம் படி: நீளம்

ராக்கர் ஸ்கீ பனியைத் தொடும் நீளம் குறைவு என்பதால் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள். திறந்த மலைச்சரிவுக்கு அது சரி. காட்டுக்கு உங்கள் உயரமளவு, மிஞ்சினால் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். 170 சென்டிமீட்டர் உயரமானவர் 170-லிருந்து 175-க்குள் தேடலாம். திரும்பும் ஆரம் ஸ்கீயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 16 முதல் 20 மீட்டர் நல்லது. இரண்டு ஸ்கீ சமமாகத் தோன்றினால், நுனி இலேசானதை எடுங்கள்.

நான்காம் படி: பைண்டிங்

காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டுதான் பைண்டிங். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் அதன் பிரேக், ஸ்கீயின் நடு அகலத்தைவிட சில மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக இருக்கட்டும். மிகவும் அகன்ற பிரேக் பனியில் உரசும். காலணியை விடுவிக்கும் அளவைத் தொழில்நுட்பரிடமே விட்டுவிடுங்கள். எடை, உயரம், வயது, காலணியின் நீளம், சறுக்கும் திறன் எல்லாவற்றையும் வைத்து அவர் கணக்கிடுவார். ஸ்கீ கழன்றுவிடுமோ என்று அஞ்சி நீங்களாக இறுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்

நிசேகோவில் பவுடர் ஸ்கீ நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. மரங்கள் இடைவிட்டு நிற்கும் மென்சரிவில் மெதுவாக இறங்கி, வேகம் எடுக்காமலே இடமும் வலமும் திருப்புங்கள். மெதுவாகப் போகும்போதே வால் பிடிவாதம் செய்தால் அந்த ஸ்கீ உங்களுக்கு வேண்டாம்.

எந்த ஸ்கீ வாங்கினாலும் துணையின்றிக் காட்டுக்குள் போகக் கூடாது. தாழ்ந்த கிளைகள் கொண்ட ஊசியிலை மரங்களின் அடியில் பனி இறுகாமல் பள்ளமாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக எழுவது மிகக் கடினம். துணைவர் எப்போதும் கண்ணில் படட்டும், விசில் கழுத்தருகே இருக்கட்டும். கயிறு கட்டிய எல்லைக்கு அடியில் நுழையாதீர்கள். எல்லையில் உள்ள நுழைவாயில் திறந்திருந்தால் மட்டும் அதன் வழியே செல்லுங்கள். உள்ளே போகுமுன் ஸ்கீ கம்புகளின் வாரிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிடுங்கள்: கம்பு கிளையில் மாட்டினால் தோளை இழுக்காது, விழுந்தாலும் மூக்கையும் வாயையும் சுற்றிப் பனியை விலக்க இரு கைகளும் இருக்கும்.