ஸ்டான்ஃபோர்டில் கல்வியியல்: விண்ணப்பிக்கும் முன்

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891-இல் திறக்கப்பட்டபோதே அங்கே கல்வியியல் துறை இருந்தது. அந்தப் பெயருக்காகவே ஏதோ ஒரு முதுகலைக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். வகுப்பறையில் பாடம் நடத்துவதுதான் உங்கள் ஆசை என்றால் ‘ஸ்டெப்’ ஆசிரியர் பயிற்சிதான் சரி. ஓராண்டுப் படிப்பு; அருகிலுள்ள பள்ளியில் அனுபவமுள்ள ஆசிரியருடன் இருந்து, உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்கவும் வேண்டும். முடிவில் முதுகலைப் பட்டத்தோடு அந்த மாநிலத்தின் ஆசிரியர் உரிமத்துக்கும் வழி பிறக்கும். கல்விக் கொள்கை, சர்வதேசக் கல்வி போன்ற முதுகலைகள் உரிமத்துக்கானவை அல்ல. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சியில் நாட்டமா? நேரடியாக முனைவர் படிப்புக்கே முயலுங்கள். முதுகலை முடித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் சேர்த்தே நிதியுதவி தருகிறார்கள்.