மில்னர் என்று தேடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஒரு நரம்பு உளவியல் ஆய்வாளரின், அதாவது மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவரின், செல்வாக்கை அளக்க எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அது 40 என்றால், தலா 40 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன, அவ்வளவுதான்.

மாண்ட்ரியலின் பிரெண்டா மில்னரை எடுத்துக்கொள்வோம். முதலில் அதே பெயருள்ளவர்களைப் பிரித்துப் பாருங்கள். மூளையில் இன்ப உணர்வைத் தூண்டிய 1954 எலிச் சோதனையில் வரும் மில்னர் இவருடைய அன்றைய கணவர் பீட்டர், பார்வைப் பாதைகளைப் பற்றி எழுதிய டேவிட் மில்னர் வேறொருவர், மூன்று பேரும் தேடலில் கலந்து வந்து கணக்கையே குழப்பிவிடுவார்கள்.

அப்புறம் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையைத் திறந்து நிஜமாகவே படியுங்கள். அறுவை மருத்துவர் ஸ்கோவில்லுடன் 1957-இல் எழுதியது. வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற, நினைவுக்கு முக்கியமான பகுதி நீக்கப்பட்ட எச்.எம். என்பவருக்குப் புதிய நினைவுகள் தங்கவில்லை என்று சொல்கிறது. ஆனால் அதே மனிதர் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை! இது 1962-இல் ஒரு பிரெஞ்சுத் தொகுப்பில் வந்தது. இந்த மாதிரித் தொகுப்புகளைத் தேடுதளங்கள் எளிதில் தவறவிடும், கையால்தான் தேட வேண்டும்.

அவருடைய மாணவர்களையும் பாருங்கள். சூசன் கார்கின் எச்.எம்.-ஐ அவர் 2008-இல் இறக்கும்வரை ஆராய்ந்தார்.

ஒரு எச்சரிக்கை: நினைவு, சிந்தனைத் திறனைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ போன்ற சோதனைத்தாளை வெளியிட்ட 1975 கட்டுரைக்கு மேற்கோள்கள் குவியும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் குறிப்பிட்டாக வேண்டும், அதனால்தான்.