சுவரைத் தேடித் தோட்டத்தைத் தொலைப்பது: ரோமானிய அரண்மனை அகழாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்கரையில், சிசெஸ்டர் நகரை ஒட்டிய ஃபிஷ்போர்னில் 1960-ல் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டியபோது ரோமானியக் கட்டடம் ஒன்று தலைகாட்டியது. 1961 முதல் பாரி கன்லிஃப் நடத்திய அகழாய்வில், கி.பி. 75–80 வாக்கில் எழுந்த அரண்மனை வெளிப்பட்டது. நாலு பக்கமும் கட்டடம், நடு முற்றத்தில் தோட்டம். பேர் வாங்கியது மொசைக் தரை. தோண்டுகிறவர்களுக்குப் பாடம் அதிகம் இருப்பது தோட்டத்தில்தான். அங்கே சாட்சி சொல்ல மண்ணை விட்டால் பெரிதாக வேறொன்றும் இல்லை.

சுவர் தென்பட்டதும் அதன் ஓரமாகவே தோண்டிக்கொண்டு போவது முதல் தவறு. சுவரும் வெளித்தரையும் கூடுகிற இடத்தில்தான் கட்டுமானச் சுண்ணாம்புத் தூள், அதன் மேல் தோட்ட மண், அதற்கும் மேல் இடிந்து விழுந்த கூரை ஓடுகள் என்று அடுக்கு இருக்கும். ஓரப் பள்ளம் அந்த இணைப்பை அறுத்துவிடும். பிறகு எந்தத் தரை எந்தச் சுவரோடு சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவருக்குக் குறுக்காக வெட்டுங்கள்.

அடுத்தது, முற்றம் சும்மாதானே கிடக்கிறது என்று தோண்டிய மண்ணை அங்கே கொட்டுவது. ஃபிஷ்போர்ன் முற்றத்தில் ரோமானியர் மேல்மண்ணை வழித்து மட்டப்படுத்தியிருந்தார்கள். மிஞ்சிய களிமண்–சரளையில் செடி வேர் பிடிக்காது. அதனால் வேலிச் செடிக்கு வாய்க்கால் போலப் பள்ளம் வெட்டி, நல்ல மண் நிரப்பினார்கள். இன்று அது கறுத்த பட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். பல் வைத்த ஜேசிபி வாளி ஒரே இழுப்பில் அதைக் கலைத்துவிடும். பல் இல்லாத வாளியால் 5–10 செ.மீ. கனமாகச் சீவி, கன்னி மண்ணுக்கு (மனிதக் கை படாத இயற்கை மண்) சற்று மேலேயே நிறுத்தி, மீதியைக் கரணையால் பின்நோக்கிச் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை மிதிக்கக் கூடாது. வெயிலில் காய்ந்தால் நிறம் மங்கும். லேசாக நீர் தூவி, மேகம் மூடிய நேரத்தில் படம் எடுங்கள்.

குழி சிறிதானாலும் ஏமாற்றும். ஃபிஷ்போர்னின் நடுப்பாதை ஓரத்தில் வேலி நேர்கோடாகப் போகவில்லை. அரைவட்டமாகவும் சதுரமாகவும் உள்வாங்கி உள்வாங்கிப் போகிறது. ஒரு மீட்டர் அகலக் குழியில் அந்த வளைவு வெறும் குப்பைக்குழி மாதிரித்தான் தெரியும். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலர் பரப்பிய சதுரக் குழி முறைக்கும் இந்தச் சிக்கல் உண்டு: இடையில் விடும் மண் வரப்புக்குள்ளேயே அரைவட்டம் ஒளிந்துகொள்ளலாம். தோட்டத்துக்கு, வரப்பு விடாமல் பரப்பு முழுவதையும் ஒருசேரத் திறப்பதுதான் சரி.

பட்டை தெரிந்ததும் முழுவதையும் அள்ளிவிடாதீர்கள். பாதியை மட்டும் வெட்டி, வெட்டுமுகத்தை வரைந்த பிறகே மறுபாதி. செடி நட்ட பள்ளத்துக்குப் பக்கம் செங்குத்து, அடி தட்டை; முயல் வளை கோணலாக மண்ணுக்கடியில் ஓடும். கல் திருடிய பள்ளம் இன்னொரு குழப்பம். அரண்மனை கி.பி. 270 வாக்கில் எரிந்தபின் சுவர்க் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாந்துத் துண்டும் உடைந்த ஓடும் கலந்த நிரப்பு என்றால் அங்கே செடி இருந்ததில்லை, சுவர்தான் இருந்தது. காலத்தால் பிந்தியது இதுதான். இதன் மண்ணை முதலில், தனியாக எடுக்காவிட்டால் பழைய அடுக்கின் பானை ஓடும் பிற்காலத்துப் பானை ஓடும் ஒரே பைக்குள் போய்விடும்.

மண் மாதிரியில் கைப்பிடி கணக்கு உதவாது. கரிந்த விதைக்கு ஒவ்வோர் அடுக்கிலும் 40 லிட்டராவது எடுத்து நீரில் மிதக்கவிட்டு, 0.3 மி.மீ. வலையில் பிடியுங்கள். மகரந்தத்துக்கான மாதிரி தனி: புதிதாகச் சுரண்டிய முகத்திலிருந்து, சுத்தமான கரண்டியால், அடியிலிருந்து மேலாக. காற்றுப் புகும் சுண்ணாம்பு மண்ணில் மகரந்தம் பெரும்பாலும் அழிந்துவிடும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பைன் மகரந்தம் கிடைத்தாலும் தோட்டத்தில் பைன் நின்றது என்று எழுதிவிடாதீர்கள். அது காற்றில் வெகுதூரம் பறந்து வருவது.

பள்ளத்தில் கிடைத்த நாணயம் தோட்டத்தின் வயதைச் சொல்லாது. நிரப்பிய மண் அந்த நாணயத்துக்கு முந்தியதல்ல என்பது வரைதான் அதன் பேச்சு. கொத்திக் கிளறி உரம் போட்ட மண்ணில் அதையும் பாதிதான் நம்பலாம்.

மறுபடி செடி நடும்போதும் ஒரு கவனம். ஃபிஷ்போர்னில் பழைய பட்டைகளின் தடத்திலேயே பாக்ஸ் (சிற்றிலைப் பசுமைமாறாப் புதர்) வேலி நிற்கிறது. வேலியின் வடிவத்துக்குச் சான்று மண். செடி எது என்பதற்கு ரோமானியர் எழுதிவைத்த தோட்ட வருணனைகளே துணை. அறிவிப்புப் பலகையில் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதுதான் வழக்கமான பிழை. தோண்டாமல் விட்ட பள்ளமாக இருந்தால் அதிலேயே நடாதீர்கள். மேலே துணி விரித்து, புது மண் போட்டு, அதில் நடுங்கள்.