ஆளுமை வகையும் மனச் செயல்பாடுகளின் பலமும்: கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16 ஆளுமை வகைச் சோதனையை முடித்ததும் நான்கு எழுத்துகளும் சில சதவீதங்களும் வரும். ‘சிந்தனை 78%’ என்று வந்தால், நம் சிந்திக்கும் திறன் நூற்றுக்கு 78 என்று நினைத்துவிடுகிறோம். அந்த எண் திறமையை அளப்பதே இல்லை. சிந்தனையா, உணர்வா என்று கேட்ட கேள்விகளில் எவ்வளவு தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்தோம் என்பதைத்தான் அது சொல்கிறது. 55% வந்தவர் 90% வந்தவரைவிடக் கூர்மையாகச் சிந்திக்கலாம். 51, 52 என்று நடுக்கோட்டை ஒட்டி நிற்கும் எழுத்தோ, ஓரிரு பதில்கள் மாறினாலே அடுத்த முறை எதிர்ப்பக்கம் போய்விடும். அதை நம்பி மேற்கொண்டு எதையும் கணிக்காதீர்கள்.

பலம் பற்றிப் பேச, எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள செயல்பாடுகளைப் பார்க்க வேண்டும். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் நான்கைச் சொன்னார்: சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு. ஒவ்வொன்றும் அகமுகமாகவோ புறமுகமாகவோ இயங்கும், ஆக எட்டு. பின்னர் அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் இதை 16 வகைகளாக விரித்தார்கள். அவர்கள் உருவாக்கிய சோதனையே எம்பிடிஐ. இன்று புழங்கும் முறைப்படி ஒவ்வொரு வகைக்கும் தலைமை, துணை, மூன்றாவது, கடைசி என்று ஒரு வரிசை உண்டு. தலைமைக்கு நேர் எதிரானது கடைசியில் நிற்கும்.

முதல் எழுத்து ஈ (புறமுகம்) அல்லது ஐ (அகமுகம்), இரண்டாவது எஸ் (புலனறிவு) அல்லது என் (உள்ளுணர்வு), மூன்றாவது டி (சிந்தனை) அல்லது எஃப் (உணர்வு), நான்காவது ஜே அல்லது பி. அதிகம் பேர் சறுக்குவது நான்காவது எழுத்தில்தான். ‘ஜே’ என்றால் ஒழுங்கானவர், ‘பி’ என்றால் அலட்சியக்காரர் என்று படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த எழுத்து வெளியுலகோடு எதை வைத்துப் பழகுகிறோம் என்று காட்டுவது. ஜே என்றால் சிந்தனை அல்லது உணர்வு புறமுகம். பி என்றால் புலனறிவு அல்லது உள்ளுணர்வு புறமுகம். முதல் எழுத்து ‘ஈ’ ஆனால் அந்தப் புறமுகச் செயல்பாடே தலைமை. ‘ஐ’ ஆனால் அது துணைதான். தலைமை உள்ளே மறைந்திருக்கும்.

ஐஎன்டிஜே, ஐஎன்டிபி இரண்டையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் அக உள்ளுணர்வு, புறச் சிந்தனை, அக உணர்வு, புறப் புலனறிவு. இரண்டாவதில் அகச் சிந்தனை, புற உள்ளுணர்வு, அகப் புலனறிவு, புற உணர்வு. எழுத்தில் ஒன்றுதான் வேறுபாடு. செயல்பாடுகளிலோ ஒன்றுகூடப் பொது இல்லை! ஒரே அறிக்கையை இருவரும் எழுதினால், நோக்கம் நிறைவேறியதும் முன்னவர் கொடுத்துவிடுவார். பின்னவர் ஒரு வரையறை உள்ளுக்குள் பொருந்தவில்லை என்று அதிலேயே நின்றுவிடுவார். ‘ஏறக்குறைய ஒரே வகைதானே’ என்று இருவருக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் ஒருவருக்கு அது கட்டாயம் பொருந்தாது.

உணர்வு என்றால் அழுகை, கோபம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. எது மதிப்புள்ளது, எது ஏற்கத்தகாதது என்று எடைபோடுவதையே யுங் அப்படி அழைத்தார். சிந்தனையோடு சேர்த்துப் பகுத்தறிவுச் செயல்பாடுகளில் வைத்தார்.

இவற்றைவிடப் பெரிய குழப்பம், பிடித்ததைப் பலம் என்று நினைப்பது. லிதுவேனியாவின் ஔஷ்ரா அவுகுஸ்தினாவிச்யூட்டே 1970-களில் தொடங்கிய சோசியானிக்ஸ் என்ற இன்னொரு ஆளுமை வகை முறை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அதில் எட்டுச் செயல்பாடுகளுக்கும் எட்டு இடங்கள். 1, 2, 7, 8 பலமானவை. 1, 2, 5, 6 நாம் விரும்பி மதிப்பவை. 8-ஆம் இடத்தில் உள்ளது பலமாக இருந்தும் நமக்கு அதில் நாட்டம் இராது. 5-ஆம் இடத்தில் உள்ளது பலவீனம். ஆனால் வேறொருவர் அதைச் செய்து தந்தால் மனம் குளிரும். ‘எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்’ என்பதை மட்டும் வைத்துக் கணித்தால் ஐந்தாவது போய் முதலிடத்தில் உட்கார்ந்துவிடும்.

சரிபார்க்க வழி இருக்கிறது. சோசியானிக்ஸில் மிகப் பலவீனமான 4, 5 இடங்கள் சொந்த அனுபவத்தை மட்டுமே நம்பி இயங்கும். 3, 6 இடங்களுக்கு ஊர் வழக்கமும் விதிகளும் கூடுதலாகத் தெரியும். 2, 7 சூழலுக்கேற்ப வளையும். 1, 8 காலப்போக்கையும் கணக்கில் எடுக்கும். ஆகவே ஒரு செயல்பாடு தேவைப்படும் வேலையை முன்பின் தெரியாத சூழலில் செய்து பாருங்கள். ‘போன தடவை இப்படித்தான் செய்தேன்’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையா? அது பலவீனமான இடம்.

எம்பிடிஐ, சோசியானிக்ஸ் இரண்டு முறைகளின் எழுத்துகளையும் கலக்காதீர்கள். சோசியானிக்ஸில் கடைசி எழுத்து தலைமைச் செயல்பாட்டைக் குறிப்பதால், அகமுகத்தாருக்கு ஜேயும் பியும் இடம் மாறும். அங்கே ஐஎன்டிஜே என்று எழுதப்படுபவருக்குத் தலைமை அகச் சிந்தனை.

கடைசிச் செயல்பாடு இல்லாமல் போய்விடுவதில்லை. நெருக்கடியில் முரட்டுத்தனமாக வெளிவரும். எனவே தேர்வு வாரத்திலோ துக்க வீட்டிலோ ஒருவர் நடந்துகொண்டதை வைத்து வகை சொல்லாதீர்கள். செயல்பாட்டு வரிசைக்கு ஆய்வு ஆதாரம் பலமாக இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். எம்பிடிஐ சோதனையை ஆளெடுக்கும் சல்லடையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.